முத்தாயி வீட்டு அம்மை

எங்கள் தோட்டத்தில் தூங்காமல் இருப்பதற்கென்றே சில பேருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தூங்குவதற்குச் சம்பளம் வாங்கியவர் வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான். மேட்டில் அவர் பங்களா. பங்களாவைச் சுற்றி வேலி, வேலிக்கு உள்ளே மணல் மூட்டை, மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கி. இத்தனை இருந்தும் துரைக்கு ராத்திரியில் சரியாகக் கண் மூடுவதில்லையாம். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். அந்த நேரத்தில் பங்களாப் பக்கம் காக்கை கத்தினால்கூடத் தோட்டக்காரன் கல்லை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்குப் பெயர் ஓய்வு. அதையே தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் ஒருவன் செய்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். பெயர் வைக்கும் வேலை எப்போதும் மேட்டில் இருப்பவர்களிடம்தான் இருந்தது.

மலாக்காவில், லூபோக் சீனாவுக்குப் போகிற சாலையில் எங்கள் ரப்பர் தோட்டம். அவசரகாலம் என்று சொல்லி லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்து வெள்ளைக்காரனை எதிர்க்கிற கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோமாம். எங்கள் ரேஷன் அரிசியை ஒரு தடவை தின்று பார்த்திருந்தால் காட்டுக்காரர்களே கைகூப்பி வேண்டாம் என்றிருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டி விளக்கை அணைக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் வெளியே நடமாடுகிறவனைச் சுடலாம் என்று உத்தரவு.

இதனால் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை ராத்திரியில் செய்துவந்த காரியங்களை எல்லாம் நாங்கள் பகலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பஜனை, கள்ளுக்கடைச் சண்டை, சீட்டாட்டம், புருஷன் பெண்டாட்டிப் பஞ்சாயத்து எல்லாம் மத்தியானத்தில். காலையில் ரப்பர் மரப் பட்டையை வெட்டிப் பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் பொழுது சாய்வதற்குள் ஒரு ராத்திரியின் வேலையை முடித்தாக வேண்டும். அவசரகாலத்தை நாங்கள் அப்படித்தான் எதிர்த்தோம். நாடகக் கோஷ்டியின் ஒத்திகையும் மத்தியானத்துக்கு மாறியது. கோஷ்டிக்கு மத்தளம் நான். பெயர் தம்புசாமி. என் வாசிப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. அதில் ஒன்று என்னுடையது.

ஒத்திகை என் வாசலில் நடக்கும். பக்கத்து வாசல் தங்கையாவுடையது.

தங்கையாவுக்குப் புகைவீட்டில் வேலை. பாலைக் கட்டியாக்கி உருளையில் கொடுத்து எடுத்த ரப்பர் ஷீட்டுகளைக் கம்புகளில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே ராத்திரி முழுக்க விறகு எரிய வேண்டும். சூடு கூடினால் ஷீட்டில் கொப்புளம் விழும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். அதற்கு மேலும் கூடினால் வீடே பற்றிக்கொள்ளும். முன்பெல்லாம் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பாதி ராத்திரிவரை ஒருவன், அதற்குப் பிறகு மற்றவன். ஊரடங்கு வந்த பிறகு பாதி ராத்திரியில் எவனும் லயத்திலிருந்து புகைவீட்டுக்கு நடக்க முடியாது. துரை யோசித்தார். யோசித்து இரண்டாவது ஆளை நிறுத்திவிட்டார். பொழுது சாயும்போது தங்கையாவை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். விடிந்ததும் திறப்பார்கள். இதைத்தான் நிர்வாகம் என்பார்கள் போலிருக்கிறது.

விடிந்து வீட்டுக்கு வந்தவன் எப்போது தூங்குவது? லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்தது பலகைத் தடுப்பு. அதுவும் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். காலையில் பிள்ளைகள், அப்புறம் குழாயடி, அப்புறம் விறகு பிளக்கிற சத்தம், மத்தியானத்தில் நான்.

தங்கையாவின் மனைவி முத்தாயி நாலைந்து தடவை வந்து கேட்டாள். "தம்புசாமி அண்ணே, அந்தக் கடைசி வாசல்ல போயி அடிக்கக் கூடாதா? அவரு இப்பத்தான் படுத்தாரு."

"கலைக்கு எடம் முக்கியம் தங்கச்சி," என்று நான் சொன்னேன். அப்படிச் சொல்லக்கூடியவன்தான் நான்.

சில மாதங்களில் தங்கையா மாற ஆரம்பித்தான். கோப்பியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். குழாயடிக் கம்பத்தைப் பார்த்து "வாங்க மாமா" என்றான். யாரும் எதுவும் சொல்லாமலே கண்ணில் தண்ணீர் வழியும், அது வழிகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. ஒரு காலை வீட்டுக்குள் வந்து முத்தாயியை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரு வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அவள் அதை என் மனைவி வேலாயியிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிக்க முடியவில்லை.

எங்கள் லயத்தில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. குழாயடியில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

"பொகவீட்டுப் பக்கம் ஒரு சப்பான்காரன் செத்துக் கெடந்தான்ல, அவன்தான் புடிச்சிருக்கான்," என்றார் பூசாரி சாமிக்கண்ணு. ஒரு சேவல் கொடுத்தால் சப்பான்காரன் போய்விடுவானாம்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பொழுது விடிஞ்சப்புறம் படுக்கறவன் எவன் உருப்பட்டிருக்கான், சொல்லு லா," என்றார் கங்காணி பிச்சைமுத்து. அவர் படுப்பது நிற்கும்போது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பேர் கூப்பிடும்போதே அவருக்கு இடையிடையே குறட்டை வரும்.

"ராவெல்லாம் முழிச்சிருக்கானே, காட்டுல யாருக்கு வெளக்கு காட்டறானோ," என்றான் இன்னொருவன், குரலைத் தாழ்த்தி. அந்த நாட்களில் இது சாதாரணப் பேச்சில்லை.

முத்தாயி தங்கையாவைத் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரசரிடம் கூட்டிப்போனாள். டிரசர் தனபாலன் மலாக்கா டவுனிலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, சைக்கிள், பையில் பேனா. மருந்தறையில் மருந்துக்குக் குறைவில்லை, இரண்டு இருந்தன. காய்ச்சல் இருந்தால் கொய்னா. இல்லாவிட்டால் விளக்கெண்ணெய்.

"தூக்கம் வல்லியா? ஒண்ணும் இல்லம்மா. நல்லாத் தூங்கச் சொல்லு," என்று சொல்லி விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு முழுதும் தங்கையா கக்கூசுக்கும் வீட்டுக்குமாக நடந்தான். சாயங்காலம் தாழ்ப்பாளுக்குப் பின்னால் போனான்.

அந்த வாரத்திலேயே ஒரு ராத்திரி புகைவீட்டில் ஒரு ஷீட்டு கம்பிலிருந்து நழுவி நெருப்பில் விழுந்துவிட்டது. விழுந்தது எரிய, மேலே தொங்கியதும் பிடித்துக்கொண்டது. தங்கையாதான் மணலை வாரி இறைத்து அணைத்தான், கையும் சுட்டுக்கொண்டான். ஒரு வரிசை ஷீட்டு போனது. மறுநாள் காலையில் துரையும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் வந்துவிட்டார்கள். அவசரகாலத்தில் நெருப்பு தானாகப் பிடிப்பதில்லை, அதற்கு ஒரு ஆள் வேண்டும். பக்கத்துத் தோட்டங்களில் காட்டுக்காரர்கள் புகைவீடுகளைக் கொளுத்தியிருந்தார்கள். கொளுத்த உதவினான் என்று பிடித்துப்போனவர்களை ஒருவரும் திரும்பப் பார்க்கவில்லை.

"நெருப்பு புடிக்கறப்ப நீ என்னா பண்ணிக்கிட்டிருந்த?" என்று ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி இன்ஸ்பெக்டரின் இங்கிலீஷைத் தமிழாக்கிக் கேட்டார்.

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன் ஐயா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் ஒடனே அணைக்கல?"

"தொறந்திருந்துச்சு ஐயா. ஆனா நான் அங்க இல்ல."

இதைக் கிராணி இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. இன்ஸ்பெக்டருக்கு அது பிடிக்கவில்லை. இன்னொரு தடவை நெருப்பு கிளம்பினால் விசாரணை கிடையாது, கப்பலில் ஏற்றி நாகப்பட்டணத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கையா பிறந்தது எங்கள் லயத்தில், நாலாவது வாசலில். நாகப்பட்டணம் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. முத்தாயி துரையின் காரை மறித்து, இன்னொரு ஆளைக் கூடப் போடச் சொல்லிக் கேட்டாள். ஒருவன் தூங்குவதற்காக இன்னொருவனுக்குச் சம்பளம் கொடுத்தால் தோட்டம் உருப்படுமா என்று துரை கேட்டதாகக் கிராணி சொன்னார்.

இரண்டு நாள் கழித்து முத்தாயியின் வாசலில் வேப்பிலை தொங்கியது.

வேப்பிலை தொங்கினால் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த வீட்டுக்கு அம்மன் வந்திருக்கிறாள். முத்தாயிக்கு அம்மை. முதலில் அவள் பக்கத்து வாசலான வேலாயி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு லயம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது. அம்மன் இருக்கிற இடத்தில் கடுகு தாளிக்கக் கூடாது, மீன் பொரிக்கக் கூடாது, காலைத் தேய்த்து நடக்கக் கூடாது, கதவை அறையக் கூடாது. பிள்ளைகளின் காதைத் திருகிக் கோயில் பக்கம் விளையாட அனுப்பினார்கள். விறகை ஆற்றோரம் கொண்டுபோய்ப் பிளந்தார்கள். கள்ளுக்கடையிலிருந்து பாடிக்கொண்டே வருகிறவன் வேப்பிலையைக் கண்டதும் பாட்டை விழுங்கிக்கொண்டு கட்டைவிரலில் நடந்தான். வேலாயி என் மத்தளத்தைப் பிடுங்கிப் பாயில் சுருட்டிக் கட்டினாள்.

"ஒத்திகை இருக்குதடி."

"அம்மனுக்கு மேலயா ஒங்க ராஜபார்ட்டு? வாய மூடிக்கிட்டுப் படுங்க."

லயம் போட்ட நாளிலிருந்து அப்படியொரு மத்தியானத்தை அது பார்த்ததில்லை. கூரைத் தகரம் வெயிலில் நெளிகிற சத்தம் கேட்டது. பெண்கள் நாலைந்து பேர் வெளியே மண்ணில் உட்கார்ந்து, அம்மன் மனம் குளிர வேண்டும் என்று தாலாட்டுப் பாடினார்கள். அம்மனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, உதடு அசைகிற அளவுக்கு.

தங்கையா மட்டும் வழக்கம்போலச் சாயங்காலம் புகைவீட்டுக்குப் போனான். அம்மை வீட்டுக்காரனை வேலைக்கு விடலாமா என்று கங்காணி கேட்டாராம். "அவன் ராவெல்லாம் தனியாத்தான பூட்டிக் கெடக்கான். யாருக்கு ஒட்டப்போவுது, ரப்பருக்கா?" என்றாராம் கிராணி. ஆபீஸ் மூளை எப்போதும் இப்படித்தான் வேலை செய்யும்.

மூன்றாவது நாள் மத்தியானம் எனக்குச் சந்தேகம் வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை, நீளமான, ஆழமான, பலகையே கூட இழுத்து விடுகிற குறட்டை. அம்மை கண்ட பெண்டாட்டி பக்கத்தில் கிடக்க ஒருவனுக்கு இப்படித் தூக்கம் வருமா? வேலாயி தாலாட்டில் இருந்தாள். நான் அரிசிப் பெட்டிமேல் ஏறித் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எனக்கு ஏற்கனவே அம்மை வந்துபோய்விட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

பாயில் தங்கையா கிடந்தான். கையைக் காலை நாலு பக்கமும் எறிந்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு. பக்கத்தில் முத்தாயி ஒரு அட்டையால் அவன் முகத்தில் உட்காரும் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே ஒரு கொப்புளம் கிடையாது.

அவள் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். பயப்படவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

"தங்கச்சி," என்றேன் மெதுவாக, "அம்மன் எங்க?"

"தூங்குது. எறங்குங்க அண்ணே. பொட்டி ஒடைஞ்சா சத்தம் கேக்கும்."

சாயங்காலம் தங்கையா போன பிறகு, தடுப்பின் இடுக்கு வழியாக வாயை வைத்துப் பேசினேன். சாமி விஷயம் இல்லையா, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாமி குத்தம் ஆயிடாதா முத்தாயி? ஆத்தா பேர வச்சா வெளையாடறது?"

"நான் வெளையாடல அண்ணே. தங்கையா பேர சொல்லி ஒங்ககிட்ட எத்தன தடவ கேட்டேன்? மத்தளத்த கீழ வச்சீங்களா? ஆத்தா பேர சொன்னேன், வச்சீங்க. தப்பு யாருதுன்னு ஆத்தா பாத்துக்கட்டும்."

மத்தளக்காரனுக்கு வாயில் வாசிக்கத் தெரியாது.

"வேலைக்குப் போவாம ஒக்காந்திருக்கியே, எத்தன நாளைக்கு?" என்று பேச்சை மாற்றினேன்.

"அவரு கண்ணு சரியாவுற வரைக்கும். அப்பறம் தலைக்குத் தண்ணி ஊத்திக்கறேன்." இடுக்கில் இன்னும் நெருங்கி, "ஒங்க வாய நம்பலாமா அண்ணே?" என்றாள்.

நல்ல கேள்வி. எங்கள் தோட்டத்தில் எதையாவது எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டுமானால் என்னிடம் ரகசியம் என்று சொன்னால் போதும். அந்த ரகசியத்தை மட்டும் நான் எப்படி வைத்திருந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. வேலாயியிடம்கூடச் சொல்லவில்லை. வயிறு உப்பிப்போனது.

சொல்லாமலே ஆபத்து வந்தது. அம்மை என்றால் டிரசர் வந்து பார்க்க வேண்டும். பெரியம்மையாக இருந்தால் கவர்மெண்டுக்குத் தெரிவித்து லயத்தையே மூடுவார்கள். அம்மையே இல்லையென்றால், இந்தக் காலத்தில் ஒருத்தி எதற்காகப் பொய் சொல்லி வீட்டுக் கதவை மூடி வைத்திருக்கிறாள் என்று கேட்பார்கள். உள்ளே யாரை ஒளித்து வைத்திருக்கிறாய் என்பார்கள். அதற்கு மேல் நாகப்பட்டணம்தான், இருவருக்குமாக.

சைக்கிளில் வந்து இறங்கிய டிரசர் தனபாலனை வாசலில் பெண்கள் மறித்தார்கள்.

"சப்பாத்த கழட்டுங்க ஐயா," என்றாள் வேலாயி.

"கழட்டிட்டேன்."

"கால கழுவுங்க. மஞ்சத் தண்ணி இருக்கு."

"கழுவிட்டேம்மா."

"மருந்து வாட அடிக்குது. ஆத்தாளுக்கு ஆவாது."

"நான் டிரசர்ம்மா. என்மேல மல்லியப்பூ வாடையா அடிக்கும்?"

அவர் உள்ளே போனதும் நான் அரிசிப் பெட்டிமேல் ஏறினேன். டிரசரின் கண்கள் சிவந்திருந்தன. காட்டில் சண்டை நடந்தால் பட்டாளத்தார் ராத்திரியில் லாரியை அனுப்பி அவரைத் தூக்கிப்போவார்கள். காயம்பட்டவனுக்குக் கட்டுப் போட்டு விடியற்காலையில் இறக்கிவிடுவார்கள். காலையில் எங்கள் வரிசை காத்திருக்கும். அவரும் தூங்காத கூட்டம்தான். இது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டவர்கள் தூங்கியிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

டிரசர் முத்தாயியைப் பார்த்தார். பாயில் கிடந்தவனைப் பார்த்தார்.

"எங்கம்மா அம்மை? மொகம் கண்ணாடியாட்டம் இருக்கு."

"மெதுவா பேசுங்க ஐயா."

"பொய்யி சொன்னியா? இது எவ்வளவு பெரிய..."

"நீங்கதான ஐயா சொன்னீங்க, நல்லாத் தூங்கச் சொல்லுன்னு. நான் சொன்னேன். அவருக்கு லயம் எடம் குடுக்கல. இப்பக் குடுக்குது. தூங்கறாரு."

டிரசர் மருந்துப் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

"இதுக்குப் பேரு என்னான்னு தெரியுமா? நான் ரிப்போட்டு செய்யணும்."

"செய்யுங்க. அதுக்கு முன்ன கொஞ்சம் ஒக்காருங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்க."

உட்கார்ந்தார். சுவரோரம், காலை நீட்டி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. வெளியே தாலாட்டு வந்துகொண்டிருந்தது. முத்தாயி அட்டையைக் கொஞ்சம் அகலமாக வீசினாள், இரண்டு முகத்துக்கும் காற்றுப் போகிற மாதிரி. நான் அரிசிப் பெட்டிமேல் நின்று காத்திருந்தேன், டிரசர் என்ன முடிவு சொல்லப் போகிறார் என்று.

முடிவு சீக்கிரமே வந்தது. இரண்டாவது குறட்டை. தங்கையாவுடையதைவிடச் சுருதி கொஞ்சம் ஏற்றம், படித்த குறட்டை.

வெயில் இறங்கின பிறகுதான் அவர் வெளியே வந்தார். தலை கலைந்து, கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்து. உட்கார்ந்தவர் எப்போது பாயில் சாய்ந்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"சின்னம்மைதான்," என்றார். "பெரியம்மை இல்ல. ஆனா கடுமையா இருக்கு. யாரும் சத்தம் போடக் கூடாது."

"ஐயா, ஒங்க கன்னத்துலயும் கோடு கோடா தெரியுதே," என்றாள் வேலாயி.

"எனக்கும் வரப் பாத்துச்சும்மா. நல்ல வேளை."

சைக்கிளில் ஏறியவர் நேராக மேட்டுக்குப் போனார். அங்கே அவர் பேசியதைக் கிராணி நடித்துக் காட்டித்தான் எனக்குத் தெரியும். ஒரு மனுஷன் தூங்காமல் புத்தி கலங்கிக்கொண்டிருக்கிறான் என்று அவர் துரையிடம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் துரை விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்லியிருப்பார். புகைவீட்டுக்காரனின் வீட்டில் அம்மை, நாளைக்கு அவனுக்கே கண்டு நடு ராத்திரியில் விழுந்துவிட்டால் நெருப்பை யார் பார்ப்பது, தாழ்ப்பாளோ வெளியே, ஷீட்டு மொத்தமும் போகுமே என்று சொன்னார். துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். தங்கையாவுக்குக் கிடைக்காத இரண்டாவது ஆள் ஷீட்டுக்கு உடனே கிடைத்துவிட்டான். ஆள் யார் என்பதுதான் பாக்கி.

"ஏற்கனவே அம்மை வந்து போனவனா இருக்கணும் சார், அப்பத்தான் ஒட்டாது," என்று டிரசர் சொன்னாராம். "அடுத்த வீட்டுல ஒருத்தன் இருக்கான். தம்புசாமின்னு."

பிறகு என்னைப் பார்த்தபோது விளக்கமும் கொடுத்தார். "நான் கண்ண மூடறதுக்கு முன்ன கடைசியாப் பாத்தது பலகைக்கு மேல ஒரு தலை. சும்மா இருக்கற தலைக்கு ஒரு வேல குடுக்கணும்னு தோணுச்சு."

அன்றைக்கே மரம் வெட்டுகிற கேங்கிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் தங்கையாவோடு என்னையும் உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார்கள். அந்தச் சத்தத்தை வெளியிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உள்ளிருந்து கேட்கும்போது அதற்கு வேறு தாளம்.

புகைவீட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கண் எரியும், வியர்வை காயும், மறுபடி வியர்க்கும். ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கான ஷீட்டுகள் தலைக்கு மேலே தொங்கும், அசையாத மாதிரி அசையும். நான் தைரியசாலி, மேடையில் எமனாகவே வேஷம் கட்டியிருக்கிறேன். முன்ராத்திரி தாண்டுவதற்குள் தங்கையாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துவிட்டேன்.

"தங்கையா, அந்த மூலையில ஒக்காந்திருக்கறது யாரு?"

"ஒனக்கும் தெரியுதா?" என்றான். அவன் குரலில் ஒரு சந்தோஷம். "யாருமில்ல. தூக்கம் கண்ணு வரைக்கும் வந்து திரும்பிப் போறப்ப வருவாரு. நீ பேச்சுக் குடுக்காத, போயிடுவாரு."

"நீ பேச்சுக் குடுப்பியா?"

"எத்தன மாசம் தனியா இருந்தேன். பேசாம?"

நான் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"நீ படு தம்பு. பாதி ராத்திரிக்கு எழுப்பறேன்," என்றான் அவன்.

"நீ படு மொதல்ல," என்றேன் நான். விறகுக் கட்டில் தலையை வைத்தான், போய்விட்டான். அவன் குறட்டைக்கு மூலையில் இருந்தவரும் எழுந்து போய்விட்டார்.

அப்படிப் பாதிப் பாதியாக ராத்திரிகள் போயின. பகலிலும் அம்மன் புண்ணியத்தில் லயம் அடங்கிக் கிடந்தது. நெருப்பு அளவோடு எரிந்தது. ஷீட்டு தேன் நிறத்தில் வருகிறது என்று கிராணி புகழ்ந்தார், தானே விறகு தள்ளிய மாதிரி.

ஒரு காலை இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். முத்தாயி வாசலில் நின்றிருந்தாள். தங்கையா நின்று தலைக்கு மேலே பார்த்தான். தினமும் அந்த வேப்பிலைக்குக் கீழேதான் குனிந்து போயிருக்கிறான். அது அங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டது.

"இது என்னா? யாருக்கு அம்மை?" என்றான். அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். "ஒனக்கா முத்தாயி? ஏன் எங்கிட்ட சொல்லல?"

முத்தாயி அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், புகை இன்னும் போகவில்லை.

"எனக்கில்ல. ஒங்களுக்குத்தான்," என்றாள். "எறங்கிடுச்சு."

அன்றைக்கே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். வேப்பிலையை எடுத்து ஓடையில் விட்டார்கள். எங்கள் லயத்துக்கு வாய் மறுபடி முளைத்தது. கடுகு வெடித்தது, கதவு அறைந்தது. தங்கையா திடுக்கிட்டு விழித்து, புரண்டு, திரும்பவும் தூங்கப் பழகினான். பாதி ராத்திரித் தூக்கம் கையில் இருந்ததால் மீதியை அவனால் சமாளிக்க முடிந்தது. இரண்டாவது ஆளை நிறுத்தச் சொல்லத் துரை மறந்துபோனார். நினைவுபடுத்த யாரும் மேட்டுக்குப் போகவில்லை.

சமாளிக்க முடியாதவன் நான்தான். நாடகக் கோஷ்டி எனக்காகக் காத்திருக்கவில்லை. கங்காணியின் மச்சினனை மத்தளத்துக்குப் பிடித்துவிட்டார்கள். ஒத்திகை என் வாசலிலேயே நடந்தது. கலைக்கு இடம் முக்கியம் என்று நான் சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. முதல் நாள் பொறுத்தேன். இரண்டாம் நாள் காதில் பஞ்சை வைத்தேன். மூன்றாம் நாள் எழுந்துபோய், கடைசி வாசலில் வைத்துக்கொள்ளக் கூடாதா, இப்போதுதான் படுத்தேன் என்று கெஞ்சினேன்.

"நீங்க இதவிட மோசமா அடிப்பீங்களே அண்ணே," என்றான் மச்சினன். மத்தளத்தைப் பற்றிய இரண்டாவது கருத்தை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

உள்ளே வந்து பாயில் விழுந்தேன். ஒவ்வொரு அடியும் பின்மண்டையில் விழுந்தது. மூலையில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. "வாங்க, ஒக்காருங்க," என்று நானே சொன்னது என் காதில் கேட்டது.

அடுப்படியிலிருந்து வேலாயி எட்டிப் பார்த்தாள். தடுப்பின் இடுக்கில் வாயை வைத்து முத்தாயியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் என்னவோ குசுகுசுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தடுப்புக்கு மேலாக ஒரு கை நீண்டது, ஒரு கொத்து வேப்பிலையோடு.

"யாருக்குடி?" என்றேன்.

வேலாயி முகத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். "எனக்குத்தான். நேத்திலேருந்து ஒடம்பு சரியில்ல. தள்ளிப் படுங்க, ஆத்தா வந்திருக்கா."

வாசலில் அவள் இலையைக் கட்டுகிற சத்தம் கேட்டது. மத்தளம் ஒரு அடியின் நடுவிலேயே நின்றது. அடுத்த வீட்டில் தங்கையா குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், தாளத்துக்கும் சுருதிக்கும் சம்பந்தமே இல்லாமல். அதைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினேன்.